மோரோ பைத்தியக்காரன் இல்லை

டிஸ்கி: ஒரு நாவலின் முக்கியமான முடிச்சு கீழே அவிழ்கிறது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை, கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

போன செமஸ்டரில் எங்களுக்கு அறிவியலும் அறமும் என்று ஒரு தாள் இருந்தது. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்காரர்கள் ஒப்புக்குப் படித்து, ஒப்புக்கு எழுதி, மார்க் வாங்கிக்கொண்டு போகிற தாள். அதில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அறிவியலுக்கு எல்லை உண்டா? தக்க உதாரணங்களுடன் விளக்குக." உதாரணம் என்றால் எல்லோருக்கும் இரண்டே இரண்டுதான். ஒன்று ஃபிராங்கன்ஸ்டைன், இன்னொன்று டாக்டர் மோரோ. நானும் எழுதினேன். ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி, ஒரு தீவு, அறுவைக் கத்தி, அலறல், அழிவு. கடைசியில் "மனிதன் கடவுளாக முயன்றால் முடிவு இதுதான்" என்று அடிக்கோடிட்டு ஒரு வரி. பத்துக்கு எட்டு மார்க்.

அந்தப் பதில் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். தப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, வசதியான தப்பு. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு நாவல். அந்த நாவலைத்தான் என் நண்பர்களில் பாதிப் பேர் "வெல்ஸைக் கெடுத்த புத்தகம்" என்று திட்டிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

நாவலின் பெயர் 'தி டாட்டர் ஆஃப் டாக்டர் மோரோ', அதாவது டாக்டர் மோரோவின் மகள். 2022ல் வந்தது. எழுதியவர் சில்வியா மொரேனோ-கார்சியா. மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழ்பவர். 2020ல் வந்த 'மெக்சிகன் காதிக்' மூலம் பலருக்கும் தெரிந்தவர். மோரோவின் மகள் 2023ல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. கிடைக்கவில்லை, அது வேறு கதை.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஜி.வெல்ஸ் 1896ல் எழுதிய 'டாக்டர் மோரோவின் தீவு'. கப்பல் விபத்தில் தப்பிய பிரெண்டிக் என்பவன் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவில் ஒதுங்குகிறான். அங்கே மோரோ என்ற டாக்டரும் மான்ட்கோமரி என்ற குடிகார உதவியாளனும் இருக்கிறார்கள். லண்டனில் மோரோவின் வீட்டிலிருந்து தோலுரிந்த நாய் ஒன்று தெருவுக்கு ஓடி வந்துவிட, ஊரே கொதித்துப்போய் அவரை விரட்டியிருக்கிறது. இப்போது தீவில் உட்கார்ந்து மயக்க மருந்துகூட இல்லாமல் மிருகங்களை வெட்டி ஒட்டி மனிதர்களாக்கிக் கொண்டிருக்கிறார். அந்த மிருக மனிதர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு காலில் நடக்கக் கூடாது, மாமிசம் தின்னக் கூடாது என்று ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். மீறினால் வலி வீடு. கடைசியில் ஒரு பெண் பூமா சங்கிலியைப் பிடுங்கிக் கொண்டு ஓடி மோரோவைக் கொல்கிறது. சுபம்.

புதிய கதை தீவில் நடக்கவில்லை. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், காட்டு நடுவில் யாஷக்டுன் என்ற பண்ணை வீட்டில் நடக்கிறது. தொடக்கம் 1871. முக்கால்வாசிக் கதை 1877. இங்கே மோரோவுக்கு கார்லோட்டா என்று ஒரு மகள். சிறு வயதிலிருந்தே ரத்தத்தில் ஏதோ நோய் என்று அப்பா வாரம் தவறாமல் ஊசி போட்டு வளர்த்த பெண். மான்ட்கோமரி இங்கும் உண்டு, இங்கும் குடிகாரன்தான். ஆனால் இங்கே அவன் பண்ணைக்குச் சம்பளத்துக்கு வந்த காரியஸ்தன். ஒரு அத்தியாயம் கார்லோட்டாவின் பார்வையில், அடுத்தது மான்ட்கோமரியின் பார்வையில் என்று மாறி மாறிப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெல்ஸிடம் இல்லாத ஒரு ஆள் இங்கே உண்டு. எர்னாண்டோ லிசால்டே. நிலம் அவருடையது, வீடு அவருடையது, ஆராய்ச்சிக்குப் பணம் அவருடையது. நம்ம பாஷையில் பண்ணையார். அவருக்கு உயிரியல் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் கேள்வி கேட்காமல், கலகம் செய்யாமல், கூலி கேட்காமல் வேலை செய்யும் உடம்புகள். மாயா இனத்துக் கூலிகள் ஓடிப் போகிறார்கள், கலகக்காரர்களோடு சேர்ந்து விடுகிறார்கள். ஆகவே, டாக்டர் மோரோ, எனக்கு வேறு ஆட்களைச் செய்து கொடும்.

இங்கேதான் என் எட்டு மார்க் பதில் பல்லிளித்துவிட்டது. இத்தனை வருஷமாக நாம் மோரோ கதையைக் 'கடவுளாக முயன்றவன்' என்று சொல்லி வந்தோம். அந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒருத்தராவது கேட்டோமா?

சரி, இப்போது நண்பர்களின் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

1. "அரசியலை வலிந்து திணித்துவிட்டார்"

இதைச் சொல்பவர்கள் வெல்ஸைச் சரியாகப் படிக்கவில்லை. மோரோ தீவுக்குத் தனியாக வரவில்லை. மான்ட்கோமரியும், ஆறு கனாக்காக்களும் கூட வந்தார்கள். கனாக்கா என்றால் பசிபிக் தீவுகளின் பூர்வகுடி ஆட்கள். அந்தக் காலத்தில் அவர்களை ஆசை காட்டியும், ஏமாற்றியும், சில சமயம் கடத்தியும் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். 1863 முதல் 1904 வரை 60,000 பேருக்கு மேல். வெல்ஸ் கதையில் அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள் தெரியுமா? ஒருவன் கடலில் விழுந்தான், ஒருவன் காலில் பட்ட காயத்தில் செத்தான், மூன்று பேர் படகை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், ஒருவன் கொல்லப்பட்டான். இவ்வளவுதான், சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இதைச் சொல்கிற மோரோ, அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைப் போட்டுவிட்டேன் என்கிற பாணியில் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். வேறு ஆட்கள் யார்? அவர் செய்த மிருக மனிதர்கள்!

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஓடிப் போன, செத்துப் போன கூலிகளுக்குப் பதிலாக, தயாரிக்கப்பட்ட கூலிகள். இது வெல்ஸின் கதையிலேயே இருக்கிறது. கொரில்லாவிலிருந்து உருவாக்கிய தன் முதல் மனிதனைப் பற்றிப் பேசும்போது மோரோ அவனைக் கறுப்பினத்தின் நல்ல மாதிரி என்றே பெருமைப்படுகிறார். வெல்ஸ் இதையெல்லாம் எழுதினார், ஆனால் நின்று பார்க்கவில்லை. கடந்து போய்விட்டார். மொரேனோ-கார்சியா அந்தச் சில வரிகளில் நின்றுவிட்டார். திணித்தது எங்கே? ஏற்கனவே இருந்த கணக்கைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

2. "அறிவியலை எடுத்துவிட்டு பேய் பங்களா கதை ஆக்கிவிட்டார்"

இதைச் சொன்னவன் என் ரூம்மேட். நல்ல பையன்தான், ஆனால் அறிவியல் என்றால் அவனுக்குக் கத்தியும் குடுவையும்.

வெல்ஸ் சவுத் கென்சிங்டனில் டி.எச்.ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர். அவருடைய மோரோ வெட்டி ஒட்டுகிறார். வெட்டி ஒட்டி ஒரு மிருகத்துக்குப் பேச்சு வராது என்று இன்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். யாரும் அதை அறிவியல் குறை என்று சொல்வதில்லை, கதைக்காக விட்டுவிடுகிறோம். மொரேனோ-கார்சியாவின் மோரோ வேறு வழியில் போகிறார். 1868ல் டார்வின் பாஞ்ஜெனசிஸ் என்று ஒரு கருத்து சொன்னார். உடம்பின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஜெம்யூல் என்ற நுண்துகள்கள் கிளம்பி, இனப்பெருக்க உறுப்பில் சேர்ந்து, அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று. தப்பான கருத்துதான். ஆனால் அன்று சூடான விவாதம். டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், ஒரு முயலின் ரத்தத்தை இன்னொரு முயலுக்கு ஏற்றி அந்தத் துகள்கள் கடக்கின்றனவா என்று சோதித்து, கடக்கவில்லை என்று 1871ல் வெளியிட்டார். 1871! நாவல் தொடங்கும் அதே வருஷம். நாவலின் மோரோ கையில் எடுப்பது இந்த ஜெம்யூல்களைத்தான். அந்த வருஷத்து மூளை அந்த வருஷத்து அறிவியலில் என்ன கனவு காணுமோ அதைத்தான் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன அறிவியல் வேண்டும் என் ரூம்மேட்டுக்கு? இந்த அம்மாவின் முதுகலை ஆய்வேடே லவ்கிராஃப்ட் கதைகளில் பெண்களும் இன மேம்பாட்டுக் கொள்கையும் பற்றியதுதான். தெரியாமல் எழுதவில்லை.

அப்புறம் பேய் பங்களா. வெல்ஸின் கதையை ஒருமுறை மறுபடி திறந்து பாருங்கள். வந்தவனுக்கு ஒரு அறை. அந்த அறைக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் இரவும் பகலும் ஒரு அலறல். ஒருநாள் கதவைத் திறந்து பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறான். இது காதிக் இல்லையென்றால் எது காதிக்? காதிக் கதை என்பது பேய் பற்றியதல்ல, வீடு பற்றியது. வீடு யாருடையது, சாவி யாரிடம், எந்த அறை யாருக்குத் தடை. சொத்து பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. கூலி, கடன், பண்ணை பற்றிய ஒரு கதை காதிக் வடிவத்துக்குப் போனது அலங்காரத்துக்காக இல்லை.

3. "சொந்தமாகக் கதை எழுதத் தெரியாதா?"

இது எல்லா மறுபுனைவுக்கும் சொல்லப்படும் பழைய ஜல்லி. புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதியபோது அகலிகை வால்மீகியின் சொத்து என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? ஜீன் ரைஸ் 1966ல் 'ஜேன் அயர்' நாவலின் மாடியறைப் பைத்தியக்காரியை எடுத்து, அவள் எங்கிருந்து வந்தாள் என்று ஒரு நாவலே எழுதினார். பழைய கதையில் வாயில்லாமல் நின்றவர்களுக்கு வாய் கொடுப்பது திருட்டு என்றால், இலக்கியத்தில் பாதி திருட்டுதான்.

மோரோ கதையில் அப்படி வாயில்லாமல் நின்றது யார்? பூமா. வெல்ஸின் நாவலில் பெயர் சொல்லும்படியான பெண் பாத்திரம் என்று பார்த்தால் அந்தப் பெண் பூமாதான். அதற்குப் பெயர் கிடையாது. பக்கம் பக்கமாக அலறுகிறது, கடைசியில் கொல்கிறது, சாகிறது. பிரெண்டிக் அந்த அலறல் தாங்காமல் காட்டுக்குள் ஓடுகிறான். ஓடும்போது அவனுக்கே ஒரு எண்ணம் வருகிறது: இதே வலி அடுத்த அறையில் சத்தமில்லாமல் நடந்திருந்தால் நான் பொறுத்துக் கொண்டிருப்பேனே என்று. வெல்ஸின் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இது. அவ்வளவு நேர்மை.

இப்போது முடிச்சு. கார்லோட்டாவுக்கு நோய் எதுவும் இல்லை. அவளும் மோரோவின் ஒரு சோதனைதான். அவள் உடம்பில் ஜாகுவார் இருக்கிறது. தன்னை எஜமானனின் மகள் என்று நினைத்து வளர்ந்தவள், தானும் அந்தப் பட்டியலில் ஒரு உருப்படி என்று தெரிந்துகொள்கிறாள். கதவுக்குப் பின்னால் அலறிய அந்தப் பெரும்பூனைக்குப் பெயர் வைத்து, பாவாடை உடுத்தி, அப்பா என்று கூப்பிட வைத்து, பிறகு பேசவும் வைத்திருக்கிறார் மொரேனோ-கார்சியா. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, மூன்றுக்கும் பதில் சொல்லியாயிற்று. ஏன் யுகடான் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

ஏனென்றால் லிசால்டேயின் ஆசை கற்பனை இல்லை. மெக்சிகோவில் அடிமை முறை 1829லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் யுகடான் பண்ணைகளில் கடன் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பணம், சாவுக்கு முன்பணம், பண்ணைக் கடையில் சோளத்துக்குப் பற்று. கடன் தீரும்வரை பண்ணையை விட்டுப் போக முடியாது. கடன் தீராது. நமக்குத் தெரிந்த சொல்லில் கொத்தடிமை. 1847 ஜூலையில் மாயா மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். செசிலியோ சி, ஹசிந்தோ பட் ஆகியோர் தலைமையில் 1848ல் தலைநகர் மெரிடாவை நெருங்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சாதிப் போர் என்று சரித்திரத்தில் பெயர். அது அரை நூற்றாண்டு இழுத்தது. கலகக்காரர்களின் தலைநகரான சான் சாந்தா குரூஸை மெக்சிகோ ராணுவம் 1901ல்தான் பிடித்தது. இடையில் யுகடான் அரசு என்ன செய்தது? பிடிபட்ட மாயாக்களை கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றது. சட்டத்தில் அடிமை இல்லாத நாட்டிலிருந்து ஆள் ஏற்றுமதி! 1861ல் ஹுவாரெஸ் தடை போடும்வரை இது நடந்தது.

அப்புறம் ஹெனக்கென் வந்தது. கற்றாழை ஜாதிச் செடி, அதன் நாரில் கயிறு திரிக்கலாம். அமெரிக்காவில் கதிர் அறுத்துக் கட்டும் எந்திரம் பரவியதும் அந்தக் கயிறுக்குக் கிராக்கி ஏறியது. பச்சைத் தங்கம் என்றார்கள். ஆள் போதவில்லை. வடக்கே சொனோராவிலிருந்து யாக்கி இன மக்களைப் பிடித்து நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள். 1905ல் கொரியாவிலிருந்து சுமார் 1,000 பேரைக் கப்பலில் இறக்கினார்கள். 1910ல் வெளிவந்த ஜான் கென்னத் டர்னரின் 'பார்பரஸ் மெக்சிகோ' புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். முதலீடு செய்ய வந்த அமெரிக்கப் பணக்காரனாக நடித்து அந்தப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து எழுதியது.

இப்போது இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். மாயா ஓடுகிறான், யாக்கியைக் கொண்டு வா. யாக்கி சாகிறான், கொரியனைக் கொண்டு வா. இந்த வரிசையில் அடுத்ததாக, ஓடவே ஓடாத ஒருவனை ஆய்வகத்தில் செய்து கொடு என்பது எவ்வளவு தூரத்துக் கற்பனை? ஒரு எட்டு, அவ்வளவுதான். அறிவியல் புனைவு என்று நாம் நினைப்பது அந்தப் பண்ணையாரின் வருடாந்திரத் திட்டம்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். அங்கே எல்லோரும் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறார்கள். மான்ட்கோமரியின் கடன் லிசால்டேயின் கையில். மோரோவின் வீடும் சோறும் லிசால்டேயின் தயவில். கலப்பு மனிதர்கள் மோரோவின் மருந்தை நம்பி இருக்கிறார்கள், அது இல்லாமல் வாழ முடியாது என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். கடனும் மருந்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வெல்ஸின் தீவில் சட்டத்தை ஒப்பிக்க வைத்தார்கள். இங்கே அடக்கத்தைப் பற்றியும் கீழ்ப்படிதலைப் பற்றியும் உபதேசம் நடக்கிறது. சங்கிலி வெளியே தெரியவே தெரியாது.

புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் ரசிகர் மன்றம் ஆகிவிடுவேன். நடுவில் நூறு பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. மான்ட்கோமரி விட்டுப் போன மனைவிக்கு மனசுக்குள் கடிதம் எழுதி எழுதி நம் உயிரை வாங்குகிறான். பண்ணையாரின் மகன் எடுவார்டோவோடு கார்லோட்டாவுக்குக் காதல் வருவது எதற்கு என்பது அவன் வாயைத் திறந்த முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை இரண்டு. ஒன்று, காதல், ரகசியம், ஆள்மாறாட்டம் எல்லாம் பார்க்க மனுஷியாக, அதுவும் அழகான மனுஷியாக இருக்கிற கார்லோட்டாவுக்கே. ரோமமும் முகவாயுமாக இருக்கிற லூப்பேயும் கச்சீத்தோவும் ஓரத்தில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டில் உண்மையை முதலில் பார்த்தவள் லூப்பே. டாக்டரின் அன்பு அன்பில்லை என்று கார்லோட்டாவிடம் சண்டை போடுபவள் அவள். 1932ல் வந்த 'ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்' சினிமாவில் லோட்டா என்று ஒரு சிறுத்தைப் பெண் வருவாள், கவர்ச்சிக்காக. சார்லஸ் லாட்டன் மோரோவாக நடித்திருப்பார். லோட்டா, கார்லோட்டா. நாவலில் மான்ட்கோமரியின் குடும்பப் பெயர் லாட்டன். தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். அந்த சினிமாவுக்குப் பதில் சொல்ல வந்த ஆசிரியர், அதன் அழகிப் பழக்கத்தையும் கொஞ்சம் கூடவே கொண்டு வந்துவிட்டார். லூப்பே சொல்லும் கதையாக இது இருந்திருந்தால்?

இரண்டாவது, மாயா மக்கள். யாருடைய உழைப்புக்குப் பதிலாக இந்தச் சோதனையே நடக்கிறதோ, அவர்களில் சமையல்காரி ரமோனா மட்டும் நமக்கு அருகில் இருக்கிறாள். கலகத் தலைவன் குமுக்ஸ் பெரும்பாலும் தூரத்து வதந்தி. கலப்பு மனிதர்களின் விடுதலைக்குப் பக்கம் இருக்கிறது, மாயாக்களின் விடுதலைக்கு இல்லை. நிஜத்தில் யுகடானில் கடன் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1914-15ல்தான். கதை முடிந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து.

இருந்தாலும் நான் இந்தப் புத்தகத்தின் பக்கம்தான். ஏன் என்பதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

போன கோடை விடுமுறையில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனேன். பேர் வேண்டாம். மருந்துகளை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் இடம். வருகிறவர்களுக்குப் பணம் உண்டு. என் வேலை படிவங்கள் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒரு அண்ணன், நாற்பது வயதிருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "தம்பி, அடுத்த ஸ்டடி எப்போ?" என்று கேட்டார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைச் சொன்னேன். "வட்டிக்காரனுக்கு அந்த விதி தெரியாதே" என்றார். பக்கவிளைவு பற்றி எழுதியிருந்ததைப் படித்தீர்களா அண்ணே என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை. "அதைப் படிச்சா வட்டி குறையுமா தம்பி?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் எல்லாம் விதிப்படிதான் நடந்தது. சம்மதப் படிவம் தமிழில் இருந்தது. டாக்டர்கள் நல்லவர்கள். யாரும் கடவுளாக முயலவில்லை. அங்கே பைத்தியக்காரன் ஒருவன்கூட இல்லை. அந்த மருந்துகள் நமக்குத் தேவை என்பதும் எனக்குத் தெரியும், நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் விழுங்குவேன். ஆனால் அந்த அண்ணனை அங்கே கொண்டு வந்து உட்கார வைத்தது அறிவியல் ஆர்வமா, சம்மதமா, கடனா? என் எட்டு மார்க் பதிலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பைத்தியக்கார விஞ்ஞானியைத் தேடிக் கொண்டே இருந்தால், வட்டிக் கணக்கு நம் கண்ணில் படவே படாது. அதனால்தான் அதை வசதியான தப்பு என்றேன். மோரோவைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் லிசால்டே தப்பித்துவிடுகிறார், படிவம் சரிபார்த்த நானும் தப்பித்துவிடுகிறேன்.

வெல்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த அறையின் அலறலைக் கேட்க வைத்தவர் அவர். அந்த அறைக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது, வந்திருக்கிறார். இதைக் 'கெடுத்துவிட்டார்' என்று சொல்கிறவர்கள், தாங்கள் காப்பாற்ற நினைப்பது வெல்ஸையா அல்லது தங்கள் நிம்மதியையா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்தத் தாளை மறுபடி எழுதச் சொன்னால், அறிவியலுக்கு எல்லை உண்டா என்ற கேள்விக்கு முன்னால் நான் மூன்று கேள்வி எழுதுவேன். பணம் யாருடையது? உடம்பு யாருடையது? அந்த உடம்புக்காரர் வேண்டாம் என்று எழுந்து போனால் அவருக்குச் சோறு இருக்கிறதா?

எட்டு மார்க் வராது. பரவாயில்லை.

பி.கு: ரூம்மேட் இதைப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனா நடுவுல அந்த நூறு பக்கம்..." என்று ஆரம்பித்தான். அது மட்டும் அவன் சொல்வது சரிதான் :-)